புத்தாண்டும் மாணவர் குறிக்கோள்களும்

ஓர் ஆண்டு கழிந்து மற்றோர் ஆண்டு பிறக்கும் பொழுது, கழிந்ததை எண்ணி இரங்குதலும் வருவதை எண்ணி மகிழ்தலும் மக்கட்கு இயல்பு. அவ்வியல்பு மாணவரிடத்து மிகுதியும் காணப்படும். பருவத் தேர்வு முடிந்து, விடுமுறையும் கழித்து, விடுதிக்கு மீளும் மாணவன் புதியதொரு குறிப்பேடு வாங்கி, அதன் முதற்பக்கத்தில், 'இவ்வாண்டில் யான் செய்யத்தக்கன' எனத் தலைப்பிட்டு அழகுற எழுதத் தொடங்குவான். வைகறையில் துயிலெழுதல், நாள்தோறும் பாடம் பயிலுதல், உடற்பயிற்சி செய்தல், வீண்செலவு ஒழித்தல் என அவை நீண்டு செல்லும். பொங்கல் விடுமுறை கழிந்து அவன் மீண்டு வரும் பொழுது, அக்குறிப்பேடு எங்குக் கிடக்கின்றது என்பதை அவனே அறியான். இங்ஙனம் ஆண்டுதோறும் பிறந்து ஆண்டுதோறும் மடியும் உறுதிகளாற் பயன் யாது? அவை நிலைபெறாமைக்குக் காரணம் யாது? அவற்றை நிலைபெறச் செய்யும் வழி யாது? இம்மூன்றினையும் என் சிற்றறிவிற்கு எட்டியவாறு ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும். யான் ஈண்டு அறிவுரை கூறும் ஆசிரியனாய் நிற்கவில்லை. தவறியவருள் ஒருவனாய் நின்றே கூறுகின்றேன்.

முதற்கண், புத்தாண்டு நாள் என்பதன் இயல்பினைச் சிறிது நோக்குவோம். ஜனவரித் திங்கள் முதல் நாளுக்கு இயற்கையில் யாதொரு தனிச்சிறப்பும் இல்லை. அன்று ஞாயிறு புதிதாய்த் தோன்றுவதுமில்லை; திங்கள் வேறொரு வழியிற் செல்வதுமில்லை. உரோம நாட்டில் கான்சல் எனப்படும் தலைமை அலுவலர் இருவரும் கி. மு. 153-ஆம் ஆண்டு முதல் அந்நாளிற் பதவியேற்றனர். அவ்வழக்கே அந்நாளைத் தலைநாளாக்கிற்று. இங்கிலாந்து தேசத்தாரோ நெடுங்காலம் மார்ச்சு 25-ஆம் நாளையே சட்டப்படி ஆண்டின் தொடக்கமாகக் கொண்டிருந்தனர். 1752-ஆம் ஆண்டு முதலே அவர் ஜனவரி முதல் நாளை ஏற்றனர். நமக்கோ சித்திரைத் திங்கள் முதல் நாள் ஆண்டுப் பிறப்பு. நம் அரசின் கணக்காண்டு ஏப்ரல் முதல் நாளில் தொடங்குகின்றது. கல்லூரி மாணவனுக்கு ஜூன் திங்களில் வகுப்புத் திறக்கும் நாள் இன்னொரு புத்தாண்டு. ஆகவே நம்மனோர்க்கு ஓர் ஆண்டிற்குள்ளேயே பல புத்தாண்டுகள் உள. நாளினால் மனிதன் மாறுவதில்லை என்பது இதனால் நன்கு விளங்கும்.

அங்ஙனமாயின் அந்நாளால் பயனே இல்லையோ எனின், அற்றன்று. வழிச்செல்வோனுக்கு மைல்கல் நடந்து கொடுப்பதில்லை. எனினும் எத்துணைத் தொலைவு வந்தோம், எத்துணை எஞ்சியுளது என நின்று எண்ணுதற்கு அஃது இடந்தருகின்றது. ஹெங்சென் டாய், கேத்தரின் மில்க்மன், ஜேசன் ரீஸ் என்னும் அறிஞர் மூவர் 2014-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றில், பல்கலைக்கழக உடற்பயிற்சிக் கூடத்திற்கு வருவோர் தொகை வாரத்தின் தொடக்கத்திலும், திங்களின் தொடக்கத்திலும், ஆண்டின் தொடக்கத்திலும், கல்விப் பருவத்தின் தொடக்கத்திலும் மிகுதலைக் கண்டு எழுதினர். பழைய பிழைகளைப் பழைய காலத்தோடு விடுத்துப் புதியனாய்த் தொடங்கலாம் என்னும் எண்ணம் மனத்திற்கு ஊக்கந் தருதலே இதற்குக் காரணம் என்பது அவர் கருத்து. ஆதலின் புத்தாண்டு நாள் நம்மைத் தொடங்கச் செய்யும் ஆற்றலுடையது. தொடர்ந்து நடத்தும் ஆற்றல் மட்டும் அதற்கில்லை. நம் குறைபாடெல்லாம் இரண்டாவதன்கண்ணே உளது.

ஜனவரி என்னும் பெயர், உரோமரின் வாயிற்றெய்வமாகிய ஜானஸின் பெயரோடு தொடர்புடையது. அத்தெய்வத்திற்கு இரண்டு முகங்கள். ஒன்று பின்னோக்கும், மற்றொன்று முன்னோக்கும். நாம் புத்தாண்டு நாளில் முன்னோக்கும் முகத்தை மட்டுமே உடையராய் இருக்கின்றோம். பின்னோக்கிப் பார்த்தல் நாணத்தைத் தருமாதலின் அதனை விலக்குகின்றோம். யான் இம்முறை அந்நாணத்தை ஏற்றுச் சென்ற ஆண்டின் குறிப்பேட்டைத் தேடி எடுத்தேன். அதன் முதற்பக்கத்தில் உறுதிகள் பதினொன்று இருந்தன. மூன்றாம் பக்கம் முதல் விடுதி உணவுக் கணக்கும் நண்பர்க்குக் கொடுத்த கைமாற்றும் எழுதப்பட்டிருந்தன.

அப்பதினொன்றில் முதலாவது, நாள்தோறும் காலை நான்கு மணிக்கு எழுதல் என்பது. எட்டு நாள் எழுந்தேன். ஒன்பதாம் நாள் உறங்கிவிட்டேன். 'உறுதி முறிந்தது' என்று எனக்கு நானே கூறிக்கொண்டு, பத்தாம் நாளும் உறங்கினேன், அதன்பின் எழவேயில்லை. 'கடுமையாக உழைத்தல்', 'சினத்தை அடக்கல்', 'கைபேசியைக் குறைத்தல்' என்பன அடுத்து நின்றன. இவற்றுள் எதனை எந்நாளில் மீறினேன் என்று என்னாற் கூற இயலாது. ஏனெனில் எந்நாளில் அவற்றைக் கைக்கொண்டேன் என்பதும் எனக்குத் தெரியாது. ஆண்டிறுதியிற் கண்ட விளைவு யாதெனின், புள்ளியியல் தாளில் யான் தேறவில்லை. பொருளியல் மாணவனாகிய எனக்கு அத்தாள் தேறாமற் பட்டம் இல்லை. இஃது என் இறுதியாண்டு.

ஆயினும் 'அரியர்' எனப்படும் அந்நிலுவை என்னை வருத்தியதினும் மிகுதியாய் வருத்தியது, பட்டியலின் இறுதியில் நின்ற பதினொன்றாம் உறுதியே. என் தந்தையாரின் அன்னையார், யாங்கள் அப்பத்தா என்றழைக்கும் முதியவர், எழுத்தறியாதவர். திங்கள்தோறும் முதியோர் உதவித்தொகை பெற வங்கிக்குச் செல்லுங்கால் கைநாட்டு வைப்பது அவருக்குப் பெருங்குறையாய் இருந்தது. தம் பெயரைத் தாமே எழுதவேண்டும் என்பது அவர் விருப்பம்; அவர் பெயரோ ஐந்தே எழுத்து. 'இவ்வாண்டில் அப்பத்தாவிற்கு எழுதக் கற்பித்தல்' என்று எழுதினேன். பொங்கல் விடுமுறையில் நான்கு நாள் கற்பித்தேன். அகரம் முதல் ஊகாரம் வரை ஆறெழுத்துக்களை அவர் சிலேட்டில் எழுதினார். 'அடுத்த சனிக்கிழமை வருவேன்' என்று கூறி விடைபெற்றேன். அச்சனிக்கிழமை விளையாட்டுப் போட்டி, அதற்கடுத்தது நண்பன் தமையனார் திருமணம், பின்னர்த் தேர்வு, கோடை விடுமுறையில் வேறோர் ஊர். புரட்டாசித் திங்களில் வீடு சென்ற பொழுது, சுவரில் ஆணியொன்றில் அச்சிலேட்டுத் தொங்கிற்று. ஆறெழுத்தும் அழியாமல் இருந்தன. அப்பத்தா என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "ஊவோட நின்னு போச்சேப்பா, இப்ப அதுவும் மங்கலாத்தான் தெரியுது" என்று மட்டும் கூறினார். அவர் கண்ணிற் புரை வளர்ந்திருந்தது. யான் வீணாக்கிய எட்டுத் திங்கள் என்னுடையன மட்டும் அல்ல என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

இனி, இவ்வுறுதிகள் நிலைபெறாமைக்குக் காரணம் யாதென ஆராய்வோம். மனவலிமை இல்லாமையே காரணம் என்று கூறுவோர் பலர். அது முற்றும் உண்மையன்று. ஆங்கிலப் புலவராகிய சாமுவேல் ஜான்சன், 1755-ஆம் ஆண்டில் தம் பேரகராதியைத் தந்தவர். அத்துணைப் பெரும்பணி முடித்தவரிடத்து மனவலிமை இல்லை எனக் கூறல் ஒண்ணாது. அவரே காலையில் விரைந்து எழுவேன் என்று தம் நாட்குறிப்பில் பன்முறை உறுதி எழுதிப் பன்முறை தவறியவர். 1764-ஆம் ஆண்டில், தம் பிறந்த நாளையொட்டி எழுதிய குறிப்பில், ஐம்பத்தைந்து ஆண்டுகளை உறுதி செய்வதிலேயே கழித்துவிட்டதாக அவர் வருந்தி எழுதினார். ஆதலின் குறை மனத்தினிடத்து மட்டும் உள்ளதன்று. உறுதி எழுதும் முறையினிடத்தும் உளது. அம்முறையில் யான் கண்ட பிழைகள் நான்கு.

முதற்பிழை, அளவின்றி மேற்கொள்ளல். பதினொரு பானைகளை ஒருங்கே அடுப்பேற்றுவோன் ஒன்றனையும் உண்ணும் பதத்தில் இறக்கான். பெஞ்சமின் பிராங்கிளின் என்னும் அமெரிக்கப் பெரியார் இளமையில் பிலடெல்பியா நகரில் அச்சுத்தொழில் நடத்தி வருங்கால், பதின்மூன்று நற்பண்புகளைத் தேர்ந்து அவற்றைப் பழகத் துணிந்தார். எல்லாவற்றையும் ஒருங்கே பற்றினால் ஒன்றும் கைகூடாது என்று கண்டு, வாரம் ஒன்றிற்கு ஒரு பண்பு என வகுத்துக்கொண்டார். பதின்மூன்று வாரத்தில் ஒரு சுற்று முடியும். ஆண்டொன்றில் நான்கு சுற்று. சிறு ஏடொன்றில் வாரத்தின் ஏழு நாட்களுக்கும் ஏழு கட்டங்கள் வரைந்து, ஒவ்வோர் இரவும் அன்று செய்த பிழைக்கு ஒரு கரும்புள்ளி இட்டுவந்தார். தாம் எண்ணியதினும் பிழைகள் மிகப் பலவாய் இருந்தமை கண்டு வியந்ததாகவும், அவை குறைந்துவருதல் கண்டு மகிழ்ந்ததாகவும் தம் வரலாற்றில் அவர் எழுதுகின்றார். பொருள்களை அதனதன் இடத்தில் வைக்கும் ஒழுங்கு மட்டும் அவருக்கு இறுதிவரை கைவரவில்லை. நிறைவை அடையாவிடினும், அம்முயற்சியால் முன்னினும் நல்லவனும் இன்பமுடையவனும் ஆயினேன் என்பது முதுமையில் அவர் கண்ட முடிவு.

இரண்டாம் பிழை, செய்கையைக் கூறாது தன்மையைக் கூறுதல். 'உழைப்பாளியாதல்' என்பது தன்மை; 'இரண்டு கணக்குப் போடுதல்' என்பது செய்கை. தன்மையை இன்று அடைந்தோமா இல்லையா என்று எவராலும் துணிய முடியாது. செய்கையை ஆம் அல்லது அன்று என்னும் ஒரு சொல்லால் அறியலாம்.

மூன்றாம் பிழை, காலமும் இடமும் குறியாமை. இதனைப்பற்றி ஜெர்மனி நாட்டு உளநூலறிஞர் பீட்டர் கோல்விட்சரும் வெரோனிகா பிராண்ட்ஸ்டேட்டரும் 1997-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு மாணவராகிய நமக்குப் பெரிதும் பொருந்துவது. கிறிஸ்துமஸ் விடுமுறைக்குச் செல்லும் மாணவர் சிலரை, பண்டிகைக்கு முந்திய மாலையை எங்ஙனம் கழித்தனர் என்பதைப்பற்றி நாற்பத்தெட்டு மணி நேரத்திற்குள் எழுதியனுப்புமாறு அவர்கள் வேண்டினர். ஒரு பாதியினரை மட்டும், எந்நேரத்தில், எவ்விடத்திலிருந்து எழுதுவர் என்பதை முன்னரே குறித்துத்தரச் செய்தனர். அங்ஙனம் குறித்தவருள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் எழுதியனுப்பினர். குறியாதவருள் மூன்றில் ஒரு பங்கினரே அனுப்பினர். இரு சாராரும் ஒரே பணியையே ஏற்றனர். வேற்றுமை காலத்தையும் இடத்தையும் குறித்தமையில்தான் இருந்தது. 'அடுத்த சனிக்கிழமை வருவேன்' என்று யான் அப்பத்தாவிடம் கூறியபொழுது, எந்தப் பேருந்தில் என்பதை எண்ணியிருந்தேனாயின், ஒருவேளை போயிருப்பேன்.

நான்காம் பிழையே யாவற்றுள்ளும் கொடியது. அஃது, ஒருநாள் தவறியதும் முற்றும் தவறியதாகக் கருதிக் கைவிடுதல். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி என்பாரும் அவருடன் ஆராய்ந்தோரும் தொண்ணூற்றறுவரைக் கொண்டு நிகழ்த்திய ஆய்வு 2010-ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஒவ்வொருவரும் ஒரு சிறு செய்கையைத் தேர்ந்து, நாள்தோறும் ஒரே சூழலில் பன்னிரண்டு வாரம் செய்துவந்தனர். அச்செய்கை முயலாமலே நிகழும் பழக்கமாதற்கு வேண்டிய காலத்தின் இடைநிலை அளவு 66 நாள் எனக் கணக்கிடப்பட்டது. ஆயின் அது சிலர்க்குப் 18 நாளாகவும், சிலர்க்கு 254 நாளாகவும் இருந்தது. இடையில் ஒருநாள் தவறியமை பழக்கம் உருவாதலைக் குறிப்பிடத்தக்க அளவு கெடுக்கவில்லை என்பதும் அவ்வாய்விற் கண்ட உண்மை. இதனைப் படித்தபொழுது என் ஒன்பதாம் நாள் நினைவிற்கு வந்தது. அந்நாளின் உறக்கம் என்னைக் கெடுக்கவில்லை. பத்தாம் நாளின் உறக்கமே கெடுத்தது.

காரணங்கள் இவையாயின், வழியும் இவற்றிலிருந்தே பிறக்கும். யான் இவ்வாண்டிற்குக் கொண்ட குறிக்கோள்கள் மூன்றே. அவற்றை ஈண்டு வெளிப்படையாய்க் கூறுதல் தற்பெருமை கருதியன்று. பலர் அறியக் கூறியதனைக் கைவிடுதல் அரிது என்பது கருதியே.

முதற் குறிக்கோள், ஏப்ரல் திங்களில் வரும் தேர்வில் புள்ளியியல் தாளில் தேறுதல். இதற்குரிய செய்கை, வகுப்புள்ள நாள்தோறும் காலை ஐந்தரை முதல் ஆறரை மணி வரை விடுதிப் படிப்பறையில், முன்னாண்டு வினாத்தாள்களிலிருந்து கணக்கு இரண்டு, விடையைப் பாராமற் போடுதல். கைபேசி அப்பொழுது அறையிலேயே இருக்கும். படித்ததையே மீண்டும் மீண்டும் படித்தலினும், நூலை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தல் நெடுநாள் நிற்கும் என்பதை ரோடிகர், கார்பிக்கி என்னும் அறிஞர் இருவர் 2006-ஆம் ஆண்டில் மாணவரைக் கொண்டே ஆராய்ந்து காட்டினர். ஐந்து நிமிடங் கழித்துச் சோதித்தபொழுது, மீண்டும் படித்தவரே முன்னின்றனர். ஒரு வாரங் கழித்துச் சோதித்தபொழுது, எழுதிப் பார்த்தவர் 56 விழுக்காடும், மீண்டும் படித்தவர் 42 விழுக்காடும் நினைவிற் கொண்டிருந்தனர். தேர்வுக்கு முந்திய இரவில் நூலைப் புரட்டி, எல்லாம் தெரிகின்றது என மயங்குதல் எத்துணைப் பிழை என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. அவ்வாறு மயங்கியே யான் சென்ற ஆண்டு தவறினேன்.

இரண்டாம் குறிக்கோள், சித்திரைப் பிறப்பிற்குள் அப்பத்தா தம் பெயரை எழுதுதல். கார்த்திகைத் திங்களில் இலவசக் கண் மருத்துவ முகாமில் அவருக்குப் புரை நீக்கப்பட்டது. இப்பொழுது கண்ணாடி அணிந்து நன்கு காண்கின்றார். திங்களில் இரண்டாம் சனிக்கிழமையும் நான்காம் சனிக்கிழமையும் பிற்பகல் இரண்டரை மணிப் பேருந்தில் யான் ஊர் செல்வேன். மாலை விளக்கேற்றிய பின் ஒரு மணி நேரம் கற்பிப்பேன். இம்முறை அகர வரிசையில் தொடங்காது, அவர் பெயரின் எழுத்துக்களிலேயே தொடங்கத் துணிந்துள்ளேன். ஒருவர் எதனை விரும்புகின்றாரோ அதனையே முதலில் கற்பித்தல் முறை என்பதை யான் உணராதிருந்தமையும் சென்ற ஆண்டின் பிழைகளுள் ஒன்று.

மூன்றாவது, வரவு செலவு எழுதுதல். தந்தையார் அனுப்பும் தொகை எவ்வழிச் செல்கின்றது என்பதை இரவு உறங்குமுன் ஐந்து வரியில் எழுதுவேன். இதனைப்பற்றி மிகுதியாய்க் கூறுதற்கில்லை; தேநீர்க் கடைக்குச் செல்லும் பொருளைக் கண்ணாற் கண்டாலே பாதி குறையும் என்பது என் நம்பிக்கை.

இவற்றிற்கெல்லாம் காவலாக ஒரு விதியும் வகுத்துள்ளேன். பிராங்கிளின் கரும்புள்ளி இட்டது போல், தவறிய நாளில் நாட்காட்டியில் ஒரு வட்டம் இடுவேன். ஆயின் இரண்டு வட்டங்கள் அடுத்தடுத்து வர விடேன். உடல்நலம் குன்றினோ, மின்விளக்கு இல்லாதொழிந்தோ காலையிற் கணக்குப் போட இயலாவிடின், அன்றிரவு உணவிற்குப் பின் ஒரு கணக்கேனும் போடுவேன். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பது நம் முன்னோர் மொழி. எறும்பு ஒருநாள் ஊராமையாற் கல் மீண்டும் வளர்ந்துவிடுவதில்லை என்பதனையும் நாம் அதனோடு சேர்த்து எண்ணுதல் நலம்.

பெருஞ்செயல் செய்தோர் யாவரும் புத்தாண்டு நாளிலேயே தொடங்கினர் என எண்ணுதல் வேண்டா. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1880-ஆம் ஆண்டில் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராய் அமர்ந்தார். அவ்வாண்டு அக்டோபர் 21-ஆம் நாள், அவ்வூருக்கு முன்சீபாய் வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றார். தாம் கற்ற பிற்கால நூல்களை ஐயர் வரிசையாகக் கூற, முதலியார் அவற்றால் நிறைவுறாராய், சீவக சிந்தாமணி போன்ற பழைய நூல்களைப் படித்ததுண்டோ என வினவினார். ஐயருக்கு அப்பொழுது அகவை இருபத்தைந்து. அவ்வினாவைக் கேட்டுச் சினந்து மீளாது, தாம் அறியாததை அறிய முற்பட்டார். கல்லூரியிற் பாடஞ் சொல்லிக்கொண்டே ஏட்டுச்சுவடிகளைத் தேடித் தொகுத்து, ஒன்றோடொன்று ஒப்புநோக்கி, சமண சமயத்தார்பால் அவர்தம் வழக்கங்களைக் கேட்டறிந்து, ஏழாண்டு உழைத்து 1887-ஆம் ஆண்டில் அந்நூலைப் பதிப்பித்தார். பத்துப்பாட்டு 1889-ஆம் ஆண்டிலும், சிலப்பதிகாரம் 1892-ஆம் ஆண்டிலும், புறநானூறு 1894-ஆம் ஆண்டிலும் அவரால் வெளிவந்தன. அக்டோபர் 21-ஆம் நாள் எப்புத்தாண்டின் தலைநாளும் அன்று. ஒருவன் தன் குறையை உண்மையாய் உணரும் நாளே அவனுக்குத் தலைநாள். எனக்கு அது புரட்டாசித் திங்களில், சுவரில் தொங்கிய சிலேட்டைக் கண்ட நாளாய் அமைந்தது.

ஆதலின், நண்பர்காள்! பட்டியலைச் சுருக்குமின், செய்கையைக் கூறுமின், காலத்தையும் இடத்தையும் குறிமின், தவறிய நாளின் மறுநாளைத் தவறவிடாதீர். நும் குறிக்கோள்களுள் ஒன்றேனும் பிறர்க்குப் பயன்படுவதாய் இருக்கட்டும். தனக்காக மட்டும் கொண்ட உறுதியை மனிதன் எளிதிற் கைவிடுவான், தன்னை எதிர்நோக்கி ஒருவர் காத்திருப்பதை அறிந்தால் அங்ஙனம் கைவிடக் கூசுவான்.

இவ்வாண்டு மலர் அச்சேறி அன்பர் கைகளை அடையும் பொழுது, புத்தாண்டு பிறந்து சில திங்கள் கழிந்திருக்கும். அப்பொழுது விடுதியிலோ நூலகத்திலோ என்னைக் காண்போர், யான் எத்தனை மணிக்கு எழுகின்றேன் என்று வினவ வேண்டா. அப்பத்தா எத்தனையாவது எழுத்தில் இருக்கின்றார் என்று வினவுமின். அவ்வினாவிற்கு நாணமின்றி விடை கூறும் நிலையில் இருத்தலே இவ்வாண்டில் யான் விரும்பும் பேறாகும்.